கண்ணளவு

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டை நானாக எழுத ஆரம்பிக்கவில்லை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நஸ்ரீன் என்று ஒரு சைக்காலஜிஸ்ட் இருக்கிறாள். என்னைவிட ஒரு வயதாவது சின்னவளாக இருப்பாள். அவள் கொடுத்தது.

"என்ன சாப்பிட்டீங்கன்னு எழுத வேண்டாம் வாணி. அதை எழுதச் சொன்னா நீங்க கற்பனையா நல்லாவே எழுதுவீங்க. என்ன பார்த்தீங்கன்னு மட்டும் எழுதுங்க" என்றாள்.

வாய்க்கொழுப்பு. ஆனால் பார்த்ததை எழுதச் சொன்னால் எழுதிவிடலாம். எனக்குப் பார்ப்பதுதான் தொழில்.

என் பெயர் கோகிலவாணி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். ஒரு சட்டையைத் தைப்பதற்கு முன்னால் அதன் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து எல்லாவற்றையும் அட்டையில் வரைந்து வெட்டித் தருவது என் வேலை. என் அட்டை தப்பினால் ஆயிரம் சட்டை தப்பும். எதிரில் நிற்கும் ஆளின் அளவை டேப் வைக்காமல் சொல்லிவிடுவேன். சம்பள நாளில் கம்பெனியில் டீக்குப் பந்தயம் கட்டுவார்கள். இதுவரை நான் டீ வாங்கிக் கொடுத்தது கிடையாது.

போன திங்கட்கிழமை கட்டிங் டேபிள் பக்கத்தில் மயங்கி விழுந்தேன். வெயில்தான் காரணம். துணி வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததாம், ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் கை போயிருக்குமாம், ஆளாளுக்குப் பெரிதுபடுத்துகிறார்கள். எங்கள் மேனேஜர் சேனாபதி அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"டாக்டர் லெட்டர் இல்லாம டேபிள் பக்கம் வராதீங் அம்மிணி. ஆகஸ்ட் நாலாந் தேதி வரைக்கும் உங்க எடத்துல யாரையும் போடமாட்டேன். அதுக்கு மேல என்ற கையில இல்லீங்."

டாக்டரம்மா சொன்னது இன்னும் மோசம். எட்டு வாரத்தில் எடை ஏற வேண்டும், நாடி நிதானத்துக்கு வர வேண்டும். வந்தால் லெட்டர். இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரிக் கட்டில். அம்மா என் நோயின் பெயரைக் கேட்டுவிட்டு, "சாப்பிடாததுக்கெல்லாம் பேரு வெச்சிருக்காங்களா?" என்றாள்.

எழுதி வைக்கிறேன்: ஆகஸ்ட் நாலாம் தேதி என் டேபிளில் நிற்பேன். லெட்டரை எப்படி வாங்குவது என்பது என் பாடு.

ஜூன் 11, புதன்

ரத்தப் பரிசோதனைக்குக் கோயம்புத்தூர் போய் வந்தேன். அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதம் நன்றாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இருக்கும் வெள்ளை நாய் முன்னைக்கு இப்போது நன்றாகத் தேறியிருக்கிறது.

ஜூன் 14, சனி

இனிமேல் சனிக்கிழமைதோறும் நஸ்ரீன். மேஜைமேல் ஒரு சணல் கயிற்று உருண்டை வைத்திருந்தாள்.

"டேப் இல்லாம அளவு சொல்வீங்களாமே. என்னைச் சொல்லுங்க பார்க்கலாம்."

சொன்னேன். ஷோல்டர், இடுப்பு, கை நீளம். அவள் டேப் எடுத்துத் தன்னையே அளந்து பார்த்தாள். மூன்றும் சரி. "யப்பா" என்றாள். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

"இப்ப உங்க இடுப்பு. கயிறை எடுத்து, உங்க இடுப்பைச் சுத்த எவ்வளவு வேணும்னு நினைக்கிறீங்களோ அந்த அளவுக்குத் தரையில வட்டமா போடுங்க."

போட்டேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் அந்த இடத்தில் கயிற்றை வெட்டி, என் கையில் கொடுத்துச் சுற்றிப் பார்க்கச் சொன்னாள். சுற்றினேன். முனைகள் இரண்டும் சேர்ந்து, அதற்கப்புறமும் கயிறு தொங்கியது. ஒரு முழத்துக்குக் குறையாது.

அவள் தண்ணீர் எடுத்துக் குடித்தாள்.

அது இழுத்தால் நீளுகிற கயிறு. சணல் நீளாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அப்படித்தான் எழுதுவேன்.

ஜூன் 16, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகிறது. காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். வெயில் நன்றாக அடிக்கிறது, எனக்கு மட்டும் எப்போதும் குளிர். பிள்ளைகள் புது யூனிஃபார்மில் போகிறார்கள். ஷோல்டர் முழங்கைக்கு வருகிறது, பாவாடையை இரண்டு மடிப்பு மடித்துப் பின் குத்தியிருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் திருப்பூரில் ஒரு பிள்ளைக்கும் சட்டை பொருந்தாது. மார்ச்சில் சரியாக இருக்கும்.

ஜூன் 21, சனி

இன்று பட்ட அவமானத்தை எழுதிவிட்டுத்தான் தூங்க வேண்டும்.

நஸ்ரீன் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினாள். ரயில் பெட்டியா, தேரா என்று சொல்ல முடியாது. கோடு, கட்டம், முக்கோணம், புள்ளி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. பார்த்து வரையச் சொன்னாள். எனக்கு இதெல்லாம் இடது கை வேலை. இடது மூலையில் இருந்த மூன்று புள்ளியில் ஆரம்பித்து, ஒவ்வொரு கோடாக, இம்மி பிசகாமல் வரைந்து கொடுத்தேன். ஸ்கேல் கேட்டேன், தரவில்லை. இல்லாமலே நேர்கோடு போட்டேன்.

அப்புறம் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசினாள். அவள் அண்ணன் கல்யாணம், பிரியாணிக்காக நடந்த சண்டை. பேச்சை நிறுத்திவிட்டு வெள்ளைத்தாளை நீட்டினாள்.

"இப்ப பார்க்காம வரைங்க."

மூன்று புள்ளி வந்தது. ஒரு முக்கோணம் வந்தது. ஏணி மாதிரி நாலு கோடு வந்தது. அவை எங்கே இருந்தன என்று வரவில்லை. தாளில் ஆளுக்கொரு பக்கம் கிடந்தன. நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வியர்த்துவிட்டது.

"பெரிய பெட்டி எங்க வாணி?"

"எந்தப் பெட்டி?"

அசல் படத்தைத் திருப்பிக் காட்டினாள். நடுவில் தாள் முழுக்க ஒரு பெரிய பெட்டி. மற்ற எல்லாமே அந்தப் பெட்டிமேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. சின்னப் பிள்ளைகூட முதலில் அதைத்தான் போடும். நான் அதையும் துண்டு துண்டாக வரைந்திருக்கிறேன், பெட்டி என்று தெரியாமலே.

"இந்த நோய் இருக்கிறவங்க நிறையப் பேருக்கு இப்படித்தான் வருது. துண்டு துல்லியமா தெரியும். முழுசு தெரியாது. முழுசா பார்க்காததை முழுசா ஞாபகம் வச்சுக்கவும் முடியாது" என்றாள். "கண்ணாடி முன்னாடி நின்னா நீங்க எதைப் பார்ப்பீங்க?"

வயிறு என்றேன். அப்புறம் தொடை. கன்னம். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். முழு ஆளை ஒரு தடவையும் சொல்லவில்லை என்று வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது.

ஜூன் 24, செவ்வாய்

மூன்று நாளாக அந்தப் படத்தை வரைந்து பார்க்கிறேன். வரவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மே மாதம் ஒரு டி-ஷர்ட்டுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாகத் துல்லியமாக வெட்டினேன். இரண்டையும் சேர்த்தால் பின்பக்கம் நீளம். பத்து வருஷத்தில் இப்படி ஒரு தப்பு நான் செய்ததில்லை. சாம்பிள் தைக்கும்போதே கண்டுபிடித்து, ஒருவருக்கும் தெரியாமல் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மயங்கி விழுந்ததற்கு நான் பயப்படவில்லை. அந்த அட்டைக்குத்தான் பயந்தேன். பயமாக இருக்கிறது.

நஸ்ரீனுக்குப் போன் செய்து கேட்டேன். கண் போய்விட்டதா, திரும்ப வருமா என்று.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல, சத்தியம் பண்ணித் தரமாட்டேன். ஆனா பட்டினி கிடக்கிற மூளை சரியா வேலை செய்யாது. அதுக்கும் சாப்பாடு வேணும். முதல்ல அதைக் கொடுத்துப் பார்ப்போம்" என்றாள்.

சரி. உடம்புக்காக இல்லை, கண்ணுக்காகச் சாப்பிடுகிறேன். உடம்புக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஜூன் 28, சனி

எடை ஏறவில்லை. கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இன்னொரு தடவை இறங்கினால் கட்டில்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அம்மா கட்டித்தரும் சோறு பஸ் ஸ்டாண்டு நாய்க்குப் போகிற விஷயத்தை நஸ்ரீனிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நாய்க்குப் பேர் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லைங்."

"இவ்வளவு நாள் வளர்த்துட்டு ஒரு பேர்கூட வைக்கலையா?"

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் மேஜையில் டிஷ்யூ டப்பா காலி. துப்பட்டாவில்தான் துடைத்துக்கொண்டேன்.

ஜூலை 2, புதன்

அம்மா துளசிமணி தோசை மாவு ஆட்டி விற்கிறாள். சாயந்திரம் ஐந்து மணிக்கு எங்கள் வாசலில் மாவு வாங்கத் தூக்குப்போசியோடு தெருவே நிற்கும். டாக்டரம்மா சொன்னபடி இப்போது மூன்று வேளையும் என் எதிரில் உட்காருகிறாள். போலீஸ்காரி தோற்றாள்.

இன்று காலை இட்லி. நான் ஒரு இட்லியை எட்டாக வகுந்து, எட்டைப் பதினாறாக்கிக்கொண்டிருந்தேன்.

"இட்லிய எத்தன துண்டு பண்ணுவ? பொடி பண்ணி உப்புமா கிண்டப் போறயா?"

"நீ பாக்காம இருந்தா சாப்பிடுவேன்."

"பாக்காம இருந்துதான் இந்தக் கதிக்கு வந்திருக்குது. ஊருக்கே மாவாட்டிக் குடுக்கறேன், என்ற புள்ள வவுத்துக்குப் போவல. வெளிய சொன்னா வெக்கக்கேடு."

"வெக்கக்கேடுன்னா என்னைய ஆஸ்பத்திரியில போட்டுரு போ!"

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். கிரைண்டர் ஓடவில்லை, குழாய் ஓடவில்லை. ஒரு சத்தமும் இல்லை. அழுகிறாள் என்று தெரிந்தது.

தட்டைப் பார்த்தேன். பதினாறு துண்டு. மூன்று புள்ளி, முக்கோணம், ஏணி. பெட்டி எங்க வாணி? இன்னொரு இட்லியை எடுத்தேன். பிய்க்காமல் கையில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தேன். வெள்ளையாக, வட்டமாக, ஒரே ஒரு இட்லி. அதை நாலே வாயில் சாப்பிட்டேன். அப்புறம் ஒரு மணி நேரம் நெஞ்சு அடித்துக்கொண்டது, எதையோ திருடிவிட்ட மாதிரி. ஆனாலும் சாப்பிட்டது சாப்பிட்டதுதான்.

ஜூலை 5, சனி

"உடம்பைப் பத்தி நினைச்சா முதல்ல வர்ற படம் எது? பேச்சு வேண்டாம், படம்" என்று நஸ்ரீன் கேட்டாள்.

யோசிக்க என்ன இருக்கிறது? பதினாலு வருஷமாக ஒரே படம்தான்.

எட்டாம் வகுப்பு. ஜூன் மாதம். யூனிஃபார்ம் அளவெடுக்கப் பள்ளிக்கூட ஹாலுக்கு டெய்லர் வந்திருக்கிறார். நாங்கள் வரிசையில் நிற்கிறோம். அவர் டேப் வைத்து நம்பரைக் கத்திச் சொல்வார், மூலையில் ஒருத்தர் நோட்டில் எழுதுவார். என் முறை வருகிறது. என் இடுப்பு நம்பரைக் கத்துகிறார். ஹால் முழுக்கச் சிரிக்கிறது. ஒருத்தி அந்த நம்பரைத் திருப்பிச் சொல்கிறாள். அந்த வருஷம் முழுக்க அதுதான் எனக்குப் பெயர். அன்றைக்குத்தான் நினைத்தேன், டேப்பே இல்லாமல் அளவெடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று. கற்றுக்கொண்டேன்.

"படத்துல நீங்க எப்படித் தெரியறீங்க?"

"பின்னாலிருந்து. முதுகு அகலமா இருக்கு. ரெட்டை ஜடை. நீல பெல்ட்டுக்கு மேல சதை பிதுங்கி நிக்குது. கொஞ்சம் மேல இருந்து பாக்கற மாதிரி."

"நீங்க எங்க நிக்கிறீங்க?"

"நடுவுல. டெய்லருக்கு முன்னால."

"அப்ப இந்தப் படத்தை எடுத்தது யாரு?"

எனக்கு விளங்கவில்லை.

"உங்க முதுகை நீங்க பார்த்திருக்க முடியாதே வாணி. அன்னிக்கு நடந்தது நிஜம்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இந்தப் படத்தை அன்னிக்கு உங்க கண்ணு பார்க்கல. அப்புறமா வரைஞ்சிருக்கீங்க. வரைஞ்சு வரைஞ்சு அசல் மாதிரி ஆக்கிட்டீங்க."

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் கோபம் கோபமாக வந்தது. அவள்மேலா, யார்மேல் என்று தெரியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

இரண்டு இட்லி. முழுசாக.

ஜூலை 10, வியாழன்

எட்டாம் வகுப்பு வாணியின் கண்ணிலிருந்து அந்த ஹாலை வரையச் சொல்லி நஸ்ரீன் போன் செய்திருந்தாள். நாலு நாளாக முயன்றேன், பழைய படம்தான் வந்து நிற்கிறது. இன்று மதியம் ரசஞ்சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது தானாக வந்தது.

எனக்கு எதிரில் ஒரு சட்டைப்பை. டெய்லரின் பை. உள்ளே நீலச் சாக்பீஸ், ஒரு பஸ் டிக்கெட். பாக்கு வாசனை. டேப் ஜில்லென்று இருக்கிறது. நான் ஆடாமல் நிற்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அவர் தோளுக்கு மேலே ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பச்சைப் புடவை, கையில் தூக்குப்போசி.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பச்சைப் புடவை அம்மாவுடையது. அம்மா அங்கே இருந்திருக்கிறாள். பதினாலு வருஷத்தில் அம்மா அந்தப் படத்தில் ஒரு நாளும் வந்ததில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மாவு வழித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"எட்டாவது படிக்கறப்போ யூனிஃபார்ம் அளவெடுத்த அன்னிக்கு நீ ஸ்கூலுக்கு வந்தயா?"

"வந்தேன். நீ சோத்த மறந்துட்டுப் போய்ட்ட, குடுக்க வந்தேன். ஏன் கண்ணு?"

"ஜன்னல்கிட்ட நின்னயா?"

"அது ஞாவகமில்ல. உன்ற மொற வர்றதுக்கு முன்னால டெய்லருகிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு நின்னேன். துணி வெல விக்கற வெலைக்கு வருசா வருசம் தெக்க முடியுமா? வளர்ற புள்ளைங், ரெண்டு வருசம் போடோணும், நாலு இஞ்ச் சேத்து வெய்யுங்கன்னு சொன்னேன். அந்த மகராசன் நாலு சேத்தே எழுதச் சொல்லிப்புட்டான், அதுக்குள்ள உன்னாட்ட ரெண்டு பேரு நொழையலாம். நாந்தான் உக்காந்து ஊக்கு குத்திக் குடுத்தேன்."

மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

நான் பேட்டர்ன் மாஸ்டர். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இதுதான்: உடம்பு அளவு வேறு, துணி அளவு வேறு. அன்றைக்கு டெய்லர் கத்தியது துணி அளவு. என் இடுப்பு அல்ல. என் இடுப்பும் அம்மாவின் நாலு இஞ்சும். இதைப் பதினாலு வருஷமாக ஒரு தடவை யோசிக்கவில்லை. ஊரார் சட்டையில் நூல் அளவு தப்பைக் கண்டுபிடிக்கிற எனக்கு, சொந்தக் கணக்கில் நாலு இஞ்ச் தப்பு தெரியவில்லை.

"அந்தச் சோத்த நான் அன்னிக்குத் திங்கலம்மா. கொட்டிட்டேன்" என்றேன்.

அம்மா கையை மாவிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அன்னிக்கிருந்துதானா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 19, சனி

எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. அந்த நம்பர் எனக்குத் தெரியாதபடி திருப்பி வைத்துக்கொண்டுதான் டாக்டரம்மா சொன்னார்.

நாலு இஞ்ச் கதையை நஸ்ரீனிடம் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், பேனாவை மூடிவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"சரி. நாலு இஞ்ச் சேர்க்கலைன்னு வச்சுக்குவோம். நம்பர் நிஜமாவே உங்களோடதுதான்னு வச்சுக்குவோம். அப்ப?"

"அப்பன்னா?"

"அப்ப அவங்க சிரிச்சது சரியா? நீங்க சோத்தைக் கொட்டினது சரியா?"

எழுந்து வந்துவிட்டேன். கெட்டிக்காரியாம் கெட்டிக்காரி. ஒரு மனுஷி சந்தோஷமாக இருந்தால் பொறுக்காது.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் சாப்பிடவில்லை. மதியமும் இல்லை. அம்மா கெஞ்சவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் அவளும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்றரை மணிக்கு இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஜூலை 26, சனி

பதில் கிடைத்துவிட்டது. நஸ்ரீனிடம் உட்காருவதற்கு முன்பே சொன்னேன்.

"நம்பர் என்னோடதாவே இருந்தாலும், அதைக் கத்திச் சொன்னது தப்பு. அந்தப் புள்ள எத்தனை இஞ்ச் இருந்தாலும், அதுக்கு மத்தியானச் சோறு உண்டு."

"இதை எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"செவ்வாய்க்கிழமை. அழுதுக்கிட்டே பருப்புஞ்சாதம் சாப்பிடறப்போ."

அவள் ரொம்ப நேரம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுகிறாளா, முகத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறாளா என்று பார்க்கப் போனால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். டிஷ்யூ டப்பா இன்றைக்கும் காலி. என் துப்பட்டாவை நீட்டினேன். வேண்டாம் என்று சிரித்தாள்.

ஜூலை 29, செவ்வாய்

ரத்தப் பரிசோதனைக்குப் போகும் வழியில் வெள்ளை நாய் வந்து நின்றது. பையைத் திறந்து தக்காளிச் சோற்றை நானே சாப்பிட்டேன், அது பார்க்கப் பார்க்க. பாவமாக இருந்தது. கடையில் ஒரு பொறை வாங்கிப் போட்டேன். அதற்கு வெள்ளையம்மா என்று பெயரும் வைத்தாயிற்று.

ஆகஸ்ட் 2, சனி

இன்று லெட்டர் நாள்.

முதலில் நஸ்ரீன் ஒரு புதுப் படத்தைக் காட்டினாள். பென்சிலை எடுத்ததும் கை மூலைப் புள்ளிக்குத்தான் போனது. நிறுத்தி, நாற்காலியைப் பின்னால் தள்ளி, தாளை எட்ட வைத்துப் பார்த்தேன். நடுவில் பெரிய வட்டம் இருந்தது. அதை முதலில் போட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்க்காமல் வரைந்தபோது இரண்டு கோடு விட்டுப்போனது, ஒரு முக்கோணம் இடம் மாறியது. ஆனால் வட்டம் இருந்தது. மற்றவை அதன்மேல் உட்கார்ந்திருந்தன.

டாக்டரம்மா முழு லெட்டர் தரவில்லை. மதியம் வரைக்கும் வேலை, உட்கார்ந்த வேலை, வெட்டும் மெஷின் பக்கம் போகவே கூடாது, பதினொரு மணிக்கு ஏதாவது சாப்பிட வேண்டும், சனிக்கிழமை தப்பாமல் வர வேண்டும். "இன்னும் ரொம்ப தூரம் இருக்கும்மா. ஒரு வருஷம்கூட ஆகலாம்" என்றார்.

ஜூன் மாதமாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். இன்று வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பாதி லெட்டர் என்றாலும் அது நான் சாப்பிட்டு வாங்கியது. சேனாபதி அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அட்டைய உக்காந்தே வெட்டலாமுங். வாங் அம்மிணி, நாற்காலி போட்டு வெக்கறேன்" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அம்மா தேங்காய்ச் சோறு, எலுமிச்சஞ் சோறு, புளிச்சோறு என்று வரிசையாகக் கிண்டி வைத்துவிட்டாள். மூன்றையும் ஒரே தட்டில் பார்த்ததும் பழையபடி வாய் பூட்டிக்கொண்டது. "திங்கலாங்கறது எது, கூடாதது எது" என்று மண்டைக்குள் ஒரு குரல் கணக்கெடுக்கிறது. அது போய்விடவில்லை. போகாது போலிருக்கிறது. அது பேசட்டும் என்று விட்டுவிட்டு, தட்டை எட்ட வைத்து ஒரு தடவை முழுசாகப் பார்த்தேன். மஞ்சள், வெள்ளை, பழுப்பு. பண்டிகைச் சாப்பாடு. சாப்பிட்டேன். முழுக்க முடிக்கவில்லை. முக்கால் முடித்தேன்.

சாயந்திரம் பீரோவிலிருந்து துணி எடுத்தேன். போன தீபாவளிக்கு அம்மா வாங்கி, நான் தொடாமல் வைத்திருந்த பச்சைக் காட்டன். எனக்கென்று நான் ஒன்றும் தைத்துக்கொண்டதில்லை. மூன்று பேர் நுழைகிற சட்டைகளைக் கடையில் வாங்கி உள்ளே ஒளிந்துகொள்வதுதான் வழக்கம்.

அம்மாவிடம் டேப்பைக் கொடுத்தேன்.

"நீ அளந்து சொல்லு. நான் எழுதிக்கறேன்."

"உனக்குத்தான் பாத்தாலே தெரியுமே கண்ணு?"

"எனக்குத் தெரியல. அளந்து சொல்லு."

அம்மா டேப்பை என் இடுப்பில் சுற்றினாள். ஜில்லென்று இருந்தது. மூச்சைப் பிடித்தேன், அப்புறம் விட்டேன். அம்மா குனிந்து நம்பரைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. காதோரம் வந்து மெல்லச் சொன்னாள்.

"கேக்கல. சத்தமா சொல்லு" என்றேன்.

சத்தமாகச் சொன்னாள். எழுதிக்கொண்டேன். அந்த நம்பரை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. அது அட்டைக்குத்தான் வேண்டும், அட்டையில் இருக்கிறது.

அப்புறம் துணியை விரித்து, அட்டையை வைத்து, சாக்பீஸை எடுத்தேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன சேத்து வெக்கட்டும்?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"வளர்ற புள்ளதானே?"

அம்மாவுக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு விரலைக் காட்டினாள். நாலு இஞ்ச் சேர்த்துக் கோடு போட்டு வெட்டினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை எட்டே காலுக்கு, ராத்திரியே தைத்து முடித்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினேன். தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஷோல்டர் இறங்கித்தான் இருந்தது, இடுப்பு தொளதொளவென்று ஆடியது. பையில் பதினொரு மணிக்கென்று இரண்டு இட்லி இருக்கிறது.

மார்ச்சில் சரியாக இருக்கும்.